முந்தியில் ஐந்து மாங்காய்

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு இன்னும் மூன்றே நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை குளித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு, அரைஞாணில் கோத்திருந்த சாவியால் பூஜை அறைப் பெட்டியைத் திறந்த சம்பந்தம், மூடியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். சந்தனக்கட்டை இருந்தது. அப்பா எழுதி வைத்துவிட்டுப் போன கோயில் வழக்க நோட்டு இருந்தது. பரிவட்டத் துணி இல்லை.

அயப்பாக்கத்தில் ஏரியைச் சுற்றி அடுக்குமாடிகள் வருவதற்கு முன்னால் இருந்தே இருக்கிற குடும்பம் அவருடையது. எல்லையம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் நாளன்று முதல் மரியாதை அந்த வீட்டுக்குத்தான். துணி வீட்டிலிருந்து தட்டில் போகும், அம்மன் காலடியில் வைக்கப்படும், பிறகு பூசாரி எடுத்து வீட்டுக்குப் பெரியவரின் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார். சிவப்புப் பட்டு. ஒரு சாண் அகலம், ஐந்து முழம் நீளம். ஒரு முனையில் சரிகைப் பட்டை, அதில் வரிசையாக ஐந்து மாங்காய். அந்த மாங்காய் முந்தி நெற்றிக்கு மேலே வரவேண்டும். துணி வராத வருஷம் மரியாதை அடுத்த பங்காளி வீட்டுக்குப் போகும் என்று நோட்டில் அப்பா எழுதியிருந்தார். போனது திரும்பாது என்றும் எழுதி, அடியில் கோடு போட்டிருந்தார்.

அடுத்த பங்காளி கோதண்டம். சித்தப்பா மகன். இரண்டு தெரு தள்ளி வீடு. பரிவட்டத்தை முறை வைத்துக் கட்ட வேண்டும் என்று பதினோரு வருஷத்துக்கு முன் ஊரைக் கூட்டி வாதாடி, தோற்று, அன்றிலிருந்து சம்பந்தத்தோடு பேச்சை நிறுத்தியவர். இவரும் அதை ஒரு நஷ்டமாக நினைக்கவில்லை.

சம்பந்தம் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். பீரோவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கூடத்துக்கும் பூஜை அறைக்குமாக நடந்த நடையில் வேட்டி இரண்டு தடவை காலில் தட்டியது. மின்விசிறியைப் போட்டார், அதன் காற்று பிடிக்காமல் நிறுத்தினார்.

"இன்னா தேடினு கீறீங்க காலையிலருந்து?" என்றாள் மனைவி தாட்சாயிணி. திருநின்றவூரில் தங்கை வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள்.

சொன்னால் அது நிஜமாகிவிடும் போலிருந்தது. மருமகள் அறைக்குள் போனார்.

லாவண்யா கரூர்ப் பெண். ஜனவரியில்தான் அவர் மகன் வெங்கட்டோடு பெங்களூரிலிருந்து இங்கே குடிவந்தாள். மதியத்துக்கு மேல் கணினியில் ஆபீஸ் வேலை. காலை முழுக்கத் தையல் இயந்திரம். தைப்பது புடவையோ ரவிக்கையோ என்றால்கூட அவருக்குப் புரிந்திருக்கும். அவள் தைத்ததோ துண்டுத் துணிகள். தெருமுனையில் தையற்கடை வைத்திருக்கும் முகமது ஆசிக்கிடம் வெட்டி மிஞ்சிய துணிகளை மூட்டையாக வாங்கி வந்து, கட்டம் கட்டமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து ஒட்டுப் போர்வை தைத்தாள். இன்னும் சின்னத் துண்டுகளைச் சட்டைக் காலருக்கு உள்ளே வைக்கிற கேன்வாஸ் மேல் பரப்பி, ஓரம் அடித்து, பின்பக்கம் காகிதம் ஒட்டி, தபால் அட்டை செய்தாள். துணியில் தபால் அட்டை. அதில் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி, உறையில்கூடப் போடாமல் பெட்டியில் போடுவாள். அவளைப் போலவே இந்தப் பித்துப் பிடித்த பன்னிரண்டு பெண்கள் ஒரு குழு; மாதா மாதம் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு இரண்டு பேருக்கு அனுப்பிக்கொள்வார்கள். எழுதியதைத் தபால்காரனிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லாரும் படிக்கலாம். குடும்பத்துப் பெண் எழுதியதை இப்படித் தெருவோடு போகவிடுவதா என்று சம்பந்தம் ஒரு தரம் கேட்டிருந்தார். படிக்கட்டுமே மாமா, என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அப்புறம் அவர் ஒன்று மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார். நாலு பேர் வந்து போகிற கூடத்தில் ஒரு துண்டுத் துணி கிடக்கக் கூடாது. தையற்காரன் குப்பையைப் பொறுக்கி வைத்திருக்கிறார்கள் என்ற பேச்சு இந்த வீட்டுக்கு வேண்டாம்.

அறையில் அவள் இல்லை, மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கட்டில் மேல் பாதி தைத்த போர்வை விரிந்திருந்தது. நீலம், மஞ்சள், பூப்போட்ட துணி, கோடு போட்ட துணி, நடுவே நீளமாக ஒரு சிவப்பு. சம்பந்தம் கட்டிலைச் சுற்றிவந்து அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். திரும்பிவந்து இயந்திரத்துக்கு அடியில் பார்த்தார். பின்னாலேயே வந்த தாட்சாயிணி கட்டிலருகே நின்றுவிட்டாள். குனிந்து அந்தச் சிவப்பை இரண்டு விரலால் தொட்டாள்.

"ஏங்க. இது நம்ம பரிவட்டம் இல்ல?"

அவர் பார்த்தார். மடித்த துணியைத்தான் அவருக்குத் தெரியும். விரித்த துணி யாருடையதோ போல் கிடந்தது. பிறகு அதன் ஒரு முனை நேராக, கத்தரி வெட்டாக முடிந்திருப்பதைக் கண்டார். சரிகை இல்லை. மாங்காய் இல்லை.

அதன் பிறகு நடந்தது அந்த வீட்டில் அதுவரை நடக்காதது. மாடியிலிருந்து இறங்கி வந்த மருமகளைக் கூடத்தில் நிறுத்தி, பெட்டியைத் திறந்தது யார் என்று கேட்டார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தப் பெட்டியையும் தான் தொடவில்லை என்றாள். துணி மூட்டையில்தான் இருந்தது என்றாள்.

"மாமா, நீங்கதானே…" என்று அவள் ஆரம்பித்ததை அவர் முடிக்கவிடவில்லை. வெங்கட்டுக்குப் போன் போட்டு, அவன் ஏதோ கூட்டத்தில் இருக்கிறேன் என்றதும் வைத்துவிட்டு, கரூருக்குப் போட்டார். சம்பந்தியிடம் ஒரே வாக்கியம்தான் சொன்னார்.

"உங்க பொண்ணு எங்க வீட்டு மானத்தைக் கத்தரியால வெட்டிட்டா."

லாவண்யா எதிரேதான் நின்றிருந்தாள். அழவில்லை. உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். முந்தியைத்தான் வெட்டினேன், இரண்டு அட்டைக்காக நடுவில் பிளந்தேன், போன புதன்கிழமை தபாலில் போட்டேன் என்று சொல்லி, விலாசம் இரண்டையும் ஒரு தாளில் எழுதி நீட்டினாள். ஒன்று முகப்பேரில், ஸ்வாதி என்ற பெண்ணுக்கு. இன்னொன்றைப் படித்ததும் சம்பந்தம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ரேகா. கோதண்டத்தின் மகள்.

"இரண்டு தெரு தள்ளி இருக்கிறவளுக்குத் தபாலா?" என்றார்.

"நேர்ல போகக் கூடாதே, மாமா," என்றாள் அவள்.

அன்று முழுவதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையில் ஒரு சிவப்புப் பட்டு வாங்கிச் சமாளிக்கலாமா என்று யோசித்தார். முப்பது வருஷமாக அந்தத் துணியைக் கட்டுகிற பூசாரியின் கை அறியாதா? மாங்காய் இல்லாத முனையை உள்ளே மடித்துவிடலாமா? கோயில் கமிட்டியார் தட்டிலேயே விரித்துப் பார்ப்பார்கள். வாசலுக்குப் போனார், கொல்லைக்குப் போனார், மறுபடி வாசலுக்கு வந்தார். சோற்றைப் பிசைந்துவிட்டுக் கை கழுவினார். சாயந்தரம் சைக்கிளில் போன தபால்காரர் பாண்டியன் இவரைக் கண்டதும் வழக்கத்துக்கு மாறாகக் கும்பிட்டுச் சிரித்தார். குடுக்குற கை சார் உங்க கை, என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன உளறுகிறான் என்று எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை காலை முதல் வேலையாக முகப்பேருக்குக் கிளம்பினார். லாவண்யா கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றார். ஷேர் ஆட்டோவில் ஐந்து பேருக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து போவது எளிதல்ல, அப்படித்தான் போனார்.

அடுக்குமாடி வீட்டில் கதவைத் திறந்த ஸ்வாதி முப்பது வயதுப் பெண், தோளில் ஒரு மடிக்கணினிப் பை, வெளியே கிளம்புகிற அவசரம். லாவண்யாவின் மாமனார் என்றதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. உட்காருங்க அங்கிள் என்று பையைக் கழற்றிப் போட்டாள். அட்டை வேண்டும், ஒரு காரியமாகத் திரும்பத் தேவைப்படுகிறது என்றார். என்ன காரியம் என்று அவள் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் மேஜைக்கு மேல் கிளிப்பில் மாட்டியிருந்த அட்டையை எடுத்து, ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

"இதைக் கொடுத்தது நீங்கதானே? கிரேட் அங்கிள். எங்க மாமனார் என் துணி மூட்டைய பால்கனிக்குத் தூக்கிப் போட்டுட்டாரு."

சம்பந்தம் கும்பிட்டு வெளியே வந்தார். லிஃப்டில் தனியாக இறங்கும்போதுதான் அட்டையைப் பார்த்தார். சிவப்புப் பட்டின் மேல் இரண்டரை மாங்காய். மூன்றாவது மாங்காய் பாதியில் வெட்டுப்பட்டு, அந்த ஓரத்தில் மஞ்சள் நூலால் நெருக்கமான தையல். திருப்பினார். நீல மசியில், குண்டு குண்டான எழுத்து.

'ஸ்வாதி, இந்தச் சிவப்பு கடையில் கிடைக்காது. எங்கள் மாமா தன் கையாலேயே என் மூட்டையில் போட்டுவிட்டுப் போனார். சொல்லக்கூட இல்லை. கண்டுபிடிப்பேன் என்று தெரியும் போல. வந்த ஏழு மாதத்தில் அவர் எனக்குக் கொடுத்த முதல் பொருள். அதனால் நல்ல இடத்தை உனக்கு வெட்டி அனுப்புகிறேன்.'

லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தது. அவர் இறங்கவில்லை. கதவு மூடிக்கொண்டு மறுபடி மேலே போனது.

போன வாரத் திங்கள்கிழமை. ஆமாம். துணிக்குக் காற்றாட வேண்டும் என்று பெட்டியிலிருந்து எடுத்து, கூடத்து நாற்காலி முதுகில் போட்டிருந்தார். கோயில் கமிட்டியார் வாசலில் வந்து குரல் கொடுத்தார்கள். கூடத்தைப் பார்த்தால் நாற்காலிக்கு நாற்காலி துண்டுத் துணி. தாட்சாயிணி ஊரில் இல்லை, மருமகள் குளிக்கப் போயிருந்தாள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு கையாலும் எல்லாவற்றையும் வாரி மூட்டையில் திணித்து, மூட்டையை அவள் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். பிறகு வெகு மரியாதையாக உட்கார்ந்து, இந்த வருஷமும் முதல் மரியாதை தங்கள் வீட்டுக்குத்தான் என்பதை அவர்கள் வாயால் கேட்டுக்கொண்டார். அவர்கள் போனதும் திறந்து கிடந்த பெட்டியைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கோத்தார். உள்ளே பார்க்கவில்லை.

நாற்பது வருஷமாகத் தலையில் கட்டிய துணி, உள்ளங்கைக்குள் வந்தபோது அது அவருக்குத் தெரியவில்லை. ஆசிக் கடைக் குப்பை என்று நினைத்துத் திணித்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அதை அவர் எங்கே சரியாகப் பார்த்திருக்கிறார்? வருஷத்தில் ஒரு நாள், அதுவும் தலைக்கு மேல்.

இந்த அட்டையைப் பாண்டியன் படித்திருக்கிறார். இந்தக் கட்டடத்து வாட்ச்மேன் படித்திருப்பான். மாமனார் நல்லவர் என்று ஊரே படித்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் அவர் கரூருக்குப் போன் செய்திருக்கிறார்.

வீடு திரும்பியவர் அட்டையை லாவண்யாவிடம் நீட்டினார். அவள் வாங்கி, ஓரத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். அறையின் ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. ஒவ்வொரு தையலையும் கண்ணருகே வைத்துத் தேடினாள். சம்பந்தம் அறை வாசலில் நின்று பார்த்தார். போனார். திரும்பி வந்தார். பிறகு தையல் இயந்திரத்தின் மேஜையை இழுத்துக்கொண்டுபோய்க் கூடத்தில், தெருப் பக்க ஜன்னலருகே போட்டார். கையால் தூக்க முடியாத கனம். தாட்சாயிணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவள், பார்த்ததை நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தாள்.

"இங்க வெளிச்சம் இருக்கு," என்றார் லாவண்யாவிடம்.

அவள் வந்து உட்கார்ந்தாள். மூட்டையைத் திணித்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. கோதண்டத்திடமிருந்து மற்றதை வாங்கிவந்து, எல்லாம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே தவணை கொடுத்துக்கொண்டார். ஆனால் கோதண்டம் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? ரேகாவுக்குப் போன் செய்து ரகசியமாக வாங்கிவிடலாம் என்று லாவண்யா சொன்னாள். கேட்டதற்கு ரேகாவிடமிருந்து, அட்டை அப்பாவின் மேஜையில் இருக்கிறது, நாலு நாளாக அவர் அதை விடவில்லை என்று பதில் வந்தது. நாலு நாளாக விடவில்லை என்றால் கண்டுபிடித்துவிட்டான் என்றுதான் அர்த்தம். வெள்ளிக்கிழமை ஊர் நடுவே எடுத்துக் காட்டப்போகிறான். அன்று பகலில் இரண்டு முறை செருப்பை மாட்டினார், இரண்டு முறையும் ஏரிக்கரை வரை போய்த் திரும்பினார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மடித்த வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக இறங்கி, இரண்டு தெருவையும் ஒரே மூச்சில் நடந்தார். தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் பார்த்தார்கள்.

கோதண்டம் வாசல் ஷெட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில், வெற்று மார்போடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கினார். பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

"இன்னா அண்ணாத்தே, வழி தப்பி வந்துட்டியா?"

சம்பந்தம் பதில் பேசுமுன் அவர் கண் பக்கத்து ஸ்டூலுக்குப் போயிற்று. ஸ்டூலில் அட்டை இருந்தது. அட்டையின் மேல் மோர் டம்ளர் இருந்தது. கோதண்டம் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்து, அதே இடத்தில் திரும்ப வைத்தார். பட்டில் ஈர வட்டம். வட்டத்துக்கு மேலே இரண்டரை மாங்காய்.

இந்தத் துணிக்காக ஊரைக் கூட்டியவன். இதற்காகப் பதினோரு வருஷம் பேசாதவன். நாலு நாளாக அதன் மேல் டம்ளர் வைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் தெரியவில்லை.

ரேகா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு நிலைக்கதவோடு ஒட்டி நின்றாள். அவள் கண் அட்டைக்கும் இவருக்குமாகப் போய்வந்தது. கோதண்டம் வெற்றிலைத் தட்டை எடுத்துவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். யாரும் வராததால் அவரே எழுந்து உள்ளே போனார். அட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரேகா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எடுத்துத் துண்டுக்குள் வைத்தால் காரியம் முடிந்தது. சம்பந்தத்தின் கை ஸ்டூல் வரை போயிற்று. டம்ளரை மட்டும் நகர்த்தி வைத்தது. பங்காளி வீட்டுக்குள் பதினோரு வருஷத்துக்குப் பிறகு கால் வைத்து, திருடிக்கொண்டு வெளியே போன தலையில் எதைக் கட்டி என்ன?

கோதண்டம் வந்து உட்கார்ந்ததும் சம்பந்தம் சொன்னார்.

"இது எங்க வீட்டுப் பரிவட்டம், கோதண்டம். முந்தி."

கோதண்டம் சிரிக்க ஆரம்பித்தார், பாதியில் நிறுத்தினார். அட்டையை எடுத்தார். சட்டைப் பாக்கெட் இல்லாத மார்பில் கண்ணாடியைத் தேடி, ரேகா கொண்டுவந்து கொடுத்த கண்ணாடியை மாட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் மாங்காயை எண்ணினார். திருப்பினார். 'ரேகா, இரண்டு தெரு நடந்தால் கையில் கொடுத்துவிடலாம். நம்முடைய விதி, அம்பத்தூர் தபால் நிலையம் போய்ச் சுற்றிக்கொண்டு வருகிறது' என்று எழுதியிருந்ததை வாய்விட்டே படித்தார். அவர் குரல் கடைசியில் கொஞ்சம் இறங்கிவிட்டது. சட்டென்று நிமிர்ந்தார்.

"அப்போ உன் மருமக வெட்டிட்டாளா? கரூர்லருந்து வந்த பொண்ணு, பரிவட்டத்தைக் கத்தரிச்சு கார்டு போட்டுச்சா?" அந்தக் கேள்வியில் பதினோரு வருஷத்து ருசி இருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஊர் முழுக்க அந்தப் பெண்ணின் பேர்தான் புரளும். சம்பந்தம் அறியாமல் நடந்தது என்று ஆகிவிடும்.

"அவ பேரை இங்க எடுக்காதே," என்றார் சம்பந்தம். "குப்பைன்னு நெனச்சு மூட்டையில திணிச்சது நான். என் கை. அவ அதை ஒரு பொருளா மதிச்சுத் தச்சிருக்கா."

கதவோரம் நின்றிருந்த ரேகா உள்ளே போய்விட்டாள். கோதண்டம் அட்டையின் ஈர வட்டத்தை விரலால் துடைத்துப் பார்த்தார்.

"நானும் பார்க்கலியே அண்ணாத்தே," என்றார். "மோர் வெச்சினு கீறேன்." பிறகு அட்டையைத் தொடைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார். "ஆனா இப்ப குடுக்க மாட்டேன். நாளைக்கு நானே எட்த்தாறேன். ஊர் முன்னாடி என் கையால குடுக்கறேன். உன் தலையில கீற துணியில கோதண்டம் ஊட்டுத் துண்டு ஒண்ணு கீதுன்னு எல்லாரும் பாக்கட்டும். இன்னா சொல்ற?"

சம்பந்தம் எழுந்து துண்டைச் சரிசெய்தார்.

"கூழ் ஊத்தறோம். குடும்பத்தோட வந்துடு," என்றார். முறையாக வீட்டுக்கு வந்து அழைக்க வேண்டியது அது. பதினோரு வருஷமாக அழைக்கவில்லை.

ஏரிக்கரைச் சுவரருகே நின்று கரூருக்குப் போன் செய்தார். முதல் முறை எடுக்கவில்லை. அங்கும் இங்கும் நடந்துவிட்டு இரண்டாம் முறை போட்டார். சம்பந்தி எடுத்து, சொல்லுங்க என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தை தப்பு, துணியைப் போட்டது நான், உங்கள் பெண்ணின் மேல் ஒரு குறையும் இல்லை என்றார் சம்பந்தம். சம்பந்தி, சாப்பிட்டீங்களா என்று கேட்டார்.

வீட்டுக்குப் போனபோது லாவண்யா கூடத்தில் தைத்துக்கொண்டிருந்தாள். முகப்பேரிலிருந்து வந்த பாதியைப் போர்வையிலிருந்து பிரித்த துணியோடு சேர்த்தாகிவிட்டது. மறுபாதி இருக்க வேண்டிய இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அவள் எழுந்து காபி கொண்டுவந்தாள்.

"ரேகா மெசேஜ் போட்டா, மாமா," என்றாள்.

அவர் காபியை வாங்கிக்கொண்டார். "நான் கொடுக்கலை. திணிச்சேன்," என்றார்.

"ம். இப்ப தெரியும்," என்றாள். ஊசியில் நூல் கோத்தாள். "நல்ல சிவப்பு," என்றாள்.

அன்று மாலை கமிட்டியார் இருவர் கூழ் விஷயமாக வந்தார்கள். கூடம் முழுக்கத் துண்டுத் துணி. சம்பந்தம் ஒரு நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்து, மடித்து, பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, உட்காருங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கோயில் வாசலில் மூன்று அடுப்பில் கூழ் கொதித்தது. பம்பைச் சத்தம் ஒரு பக்கம், ஒலிபெருக்கி ஒரு பக்கம். துணி தட்டில் வந்தது. கமிட்டியார் விரித்தார்கள், முந்தியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். மீதி வருகிறது என்றார் சம்பந்தம். எங்கிருந்து என்று கேட்டார்கள். வரும் என்றார்.

வரவில்லை. அபிஷேகம் முடிந்தது. அலங்காரம் முடிந்தது. பூசாரி இரண்டு தரம் இவரைப் பார்த்துவிட்டார். சம்பந்தத்தின் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தூணுக்கும் பலிபீடத்துக்கும் நடுவே நடந்தார். அவன் வராமலே இருந்துவிடலாம். வராமல் இருந்தால் மரியாதை அவன் வீட்டுக்கே போகும். அதற்கு அவன் ஒரு அடிகூட எடுத்துவைக்க வேண்டாம். அந்தக் கணக்கு கோதண்டத்துக்குத் தெரியாதா? நேற்று இவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். லாவண்யா பெண்கள் வரிசையில் தாட்சாயிணியோடு நின்றிருந்தாள். நூல் கோத்த ஊசி அவள் புடவைத் தோளில் குத்தியிருந்தது. சம்பந்தம் அவளைக் கையசைத்து முன்னால் வரச் சொன்னார். ஆண்கள் நிற்கிற இடம் அது; சிலர் முனகினார்கள். அவர் திரும்பிப் பார்த்ததும் வழி விட்டார்கள்.

பூசாரி கற்பூரத் தட்டை எடுத்தார். இனி நேரமில்லை என்றார்.

"இரு, இரு," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கோதண்டம் வேர்க்க விறுவிறுக்கக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார், பின்னால் ரேகா. "பிரிக்கிறதுக்குள்ள உயிர் போச்சி. இன்னா தையல் போடுது உன் மருமக, இரும்பு மாதிரி." கையை உயர்த்தி, பட்டுத் துண்டை எல்லாரும் பார்க்கும்படி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். சொன்னபடியே, நான் கொடுக்கிறேன் பார்த்துக்கோங்க என்றார். சம்பந்தம் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். ஊர் முன்னால் அவனிடம் கையேந்தி. வாங்கி, லாவண்யாவிடம் கொடுத்தார்.

அவள் அம்மன் சந்நிதிப் படியில் உட்கார்ந்து, துணியை மடியில் போட்டுத் தைத்தாள். ரேகா எதிரே குந்தி முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பம்பை நின்றுவிட்டது. நடு மாங்காயின் இரண்டு பாதியும் நேருக்கு நேர் வந்து சேர்ந்தன, ஒரு நூல் அளவு ஏற்ற இறக்கத்தோடு. பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

கமிட்டியில் ஒரு பெரியவர், தைத்த துணியைக் கட்டலாமா என்று இழுத்தார்.

"துணி வந்துச்சா, வரலியா?" என்றார் கோதண்டம். "ரெண்டு ஊட்லருந்தும் வந்துகீது. கட்டு, பூசாரி."

பூசாரி துணியை அம்மன் காலடியில் வைத்து எடுத்தார். சம்பந்தம் தலையைக் குனிவதற்கு முன் கையை நீட்டினார். பூசாரி புரியாமல் கொடுத்தார். சம்பந்தம் விரித்துப் பார்த்தார். ஐந்து மாங்காயும் ஒரே மாதிரி இல்லை. நான்காவதன் வால் மற்றப் பக்கம் வளைந்திருந்தது. சிவப்பு, மடிப்பு விழுந்த இடங்களில் வெளிறி, ரோஜா நிறமாகி இருந்தது. கோதண்டம் கொண்டுவந்த பாதியில் வெளுத்த ஒரு வட்டம், டம்ளர் அடியின் அளவுக்கு. ரேகா துவைத்துப் பார்த்திருப்பாள், போகவில்லை. திருப்பிக் கொடுத்தார். பூசாரி கட்டினார், இழுத்து முடிந்தார். பம்பை மறுபடி எழுந்தது. முதல் சொம்புக் கூழ் அவர் கைக்கு வந்தது.

வரிசையில் நின்று கூழ் ஊற்றிக்கொண்டே அவர் பக்கத்தில் நின்ற மருமகளிடம் குனிந்து கேட்டார்.

"அந்த மோர் வட்டம் எங்க வந்திருக்கு?"

லாவண்யா நிமிர்ந்து பார்த்தாள்.

"நெத்திக்கு நேரா, மாமா."

அடுத்து பாத்திரம் நீட்டியது கோதண்டம். சம்பந்தம் கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு ஊற்றினார்.